ஜூலை 1: கனடா தினப் பலகைக்கு எந்த நிகழ்வுகள்? திகதிகள் சரியா?

பலகைக்காரன்:
வணக்கம். நூலகக் கூடத்தில் கனடா தினத்துக்கு "வரலாற்றில் இதே நாள்" என்று ஒரு பலகை வைக்கவேண்டும். ஆறு கட்டங்கள்தான் இடம். ஒரு கட்டத்தில் 40 சொற்களுக்கு மேல் கொள்ளாது. அங்கங்கே கிடைத்த பட்டியல்களைச் சேர்த்ததில் தேறியவை இவை:

1867 – கனடா சுதந்திரம் பெற்றது
1873 – பிரின்ஸ் எட்வர்ட் தீவு இணைந்தது
1916 – சோம் போரில் கனடியப் படைக்குப் பேரிழப்பு
1923 – சீனர் குடிவரவுக்குத் தடை
1958 – கனடாவில் தொலைக்காட்சி தொடங்கியது
1962 – சஸ்காச்சுவானில் டக்ளஸ் அரசின் மருத்துவக் காப்புறுதி
1980 – "ஓ கனடா" தேசிய கீதமானது
1982 – டொமினியன் தினம் கனடா தினமாயிற்று
1992 – கோட் மீன்பிடித் தடை

எது பிழை, எதை விடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுப்புழு:
முதலில் கடைசி இரண்டையும் அடித்துவிடுங்கள். பெயர் மாற்றச் சட்டமூலம் 1982 ஜூலை 9 அன்று, சபையில் சொற்ப உறுப்பினர்களே இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சில நிமிடங்களில் நிறைவேறியது. அரச ஒப்புதல் கிடைத்தது அக்டோபர் 27. அப்படியானால் சட்டப்படி முதல் "கனடா தினம்" 1983 ஜூலை 1. கோட் தடையை மீன்வள அமைச்சர் ஜோன் குரொஸ்பி அறிவித்தது 1992 ஜூலை 2. முதல் நாள் நியூஃபவுண்ட்லாந்தின் பே புல்ஸ் என்ற மீனவ ஊரில் மீனவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்ட காட்சி பிரபலமாகிவிட்டதால், பட்டியல் போடுபவர்கள் இரண்டு நாளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

1867க்கு "சுதந்திரம்" என்று எழுதவே வேண்டாம். அன்று நடந்தது மூன்று குடியேற்றங்கள் ஒரு கூட்டாட்சியானது: கனடா மாகாணம், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக். கனடா மாகாணம் ஒன்ராறியோ, கியூபெக் என இரண்டாகப் பிரிந்ததால் மாகாணங்கள் நான்கு. வெளியுறவு லண்டனின் கையில்தான் இருந்தது. சட்டமியற்றும் முழு உரிமை 1931 டிசம்பர் 11 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தோடும், அரசியலமைப்பைத் தானே திருத்தும் உரிமை 1982 ஏப்ரல் 17 அன்றும்தான் வந்தன. எல்லோரும் கொண்டாடினார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். அந்தச் செப்டம்பர் தேர்தலில் நோவா ஸ்கோஷியாவின் 19 இடங்களில் 18ஐ இணைப்பை எதிர்த்தவர்கள் வென்றார்கள்.

1962இல் ஆள் பிழை. டொமி டக்ளஸ் 1961 நவம்பரிலேயே முதல்வர் பதவியை விட்டுப் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைமைக்குப் போய்விட்டார். திட்டம் நடைமுறைக்கு வந்தபோது முதல்வர் வுட்ரோ லொயிட். ஏப்ரல் 1 என்றிருந்த நாளை ஜூலை 1க்குத் தள்ளிவைத்ததும் அவருடைய அரசுதான். அன்றே மாகாணத்தின் பெரும்பாலான மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரித்தானியாவிலிருந்து மருத்துவர்களை வரவழைத்துச் சமாளித்தார்கள். ஜூலை 23 சஸ்கட்டூன் உடன்பாட்டோடுதான் முடிந்தது. என்னைக் கேட்டால் பலகையில் டக்ளஸின் படத்தைவிட லொயிட்டின் படம்தான் நியாயம்.

1958: தொலைக்காட்சி 1952 செப்டம்பரிலேயே மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் வந்துவிட்டது. 1958 ஜூலை 1 அன்று நடந்தது, மைக்ரோவேவ் கோபுரத் தொடர் வழியாக நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா வரை ஒரே நேரத்தில் நேரலை போனது. அதற்கு முன் தொலைதூர நிலையங்களுக்கு நிகழ்ச்சி படச்சுருளாகப் போய்ச் சேரவேண்டும்.

பொதுவாக ஒன்று. சட்டம் சார்ந்த எந்த வரிக்கும் நான்கு நாட்கள் இருக்கலாம்: சபையில் நிறைவேறிய நாள், அரச ஒப்புதல் நாள், பிரகடன நாள், நடைமுறைக்கு வந்த நாள். ஒப்புதல் நாள் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் சட்டத்தின் நீண்ட தலைப்பை ஒட்டியே அச்சாகியிருக்கும். நடைமுறை நாளைப் பெரும்பாலும் கடைசிப் பிரிவுகளில் தேடவேண்டும். "பிரகடனத்தின் மூலம்" என்றிருந்தால் கனடா வர்த்தமானியைப் பார்க்காமல் திகதி போடக்கூடாது. பலகையில் "சட்டம் வந்தது" என்று மொட்டையாக எழுதாமல், எது நடந்த நாள் என்று எழுதுங்கள்.

கிழக்குக்கரை:
1916 வரிதான் உங்கள் பட்டியலில் மிகப் பெரிய பிழை. நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர் வாசித்தால் அங்கேயே நின்று சண்டை பிடிப்பார். அன்று, முதலாம் உலகப் போரில், பிரான்ஸின் சோம் களத்திலுள்ள போமோன்-ஹாமெல் கிராமத்தில் இறங்கியது கனடியப் படை அல்ல, நியூஃபவுண்ட்லாந்துப் படை. நியூஃபவுண்ட்லாந்து அப்போது தனி டொமினியன் (பிரித்தானியப் பேரரசுக்குள் தன்னாட்சி நாடு), கனடாவில் சேர்ந்தது 1949 மார்ச் 31. கனடியப் படைப்பிரிவுகள் சோம் களத்துக்கு வந்தது 1916 ஆகஸ்ட் கடைசியில்தான், அவர்கள் பெயர் வாங்கிய குர்செலெட் சண்டை செப்டம்பரில் நடந்தது.

படையின் பெயரை "நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்" என்று மட்டும் போடுங்கள். "ராயல்" என்ற அடை 1917இல்தான் கிடைத்தது.

நடந்தது இப்படி. ஹோத்தோர்ன் மேட்டுக்கு அடியில் வைத்த வெடி காலை 7:20க்கு, தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்பே வெடித்தது. எதிரிக்கு அதுவே எச்சரிக்கை மணியாயிற்று. 7:30க்குப் போன முதல் அலைகள் விழுந்தன. இவர்களுக்கு 8:45 போல் உத்தரவு வந்தபோது முன் அகழிகளுக்குப் போகும் இணைப்பு அகழிகள் பிணங்களாலும் காயப்பட்டவர்களாலும் அடைத்துக் கிடந்தன. அதனால் பின்னாலிருந்த செயின்ட் ஜோன்ஸ் ரோட் அகழியிலிருந்தே வெட்டவெளியில் நடந்தார்கள். முதலில் தாண்டவேண்டியிருந்தது தங்கள் பக்கத்து முள்வேலியைத்தான். அதில் வெட்டிவைத்த இடைவெளிகள் எங்கே என்று ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ அரை மணிநேரத்தில் முடிந்துவிட்டது. இறங்கியவர்கள் சுமார் 800 பேர். மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர்.

கொல்லப்பட்டவர், காயப்பட்டவர், காணாமற்போனவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் சற்று மாறும். முதல் நாள் "காணவில்லை" என்று எழுதப்பட்டவர்கள் பிறகு இறந்தோர் கணக்கில் சேர்ந்ததே காரணம். சிறிய கட்டத்துக்கு 800, 68 இரண்டும் போதும்.

ஒரு உபரித் தகவல்: சோம் தாக்குதலுக்கு முதலில் குறித்த நாள் ஜூன் 29. மழையால் இரண்டு நாள் தள்ளிப்போனது. யாரும் திட்டமிடாமல் ஜூலை 1இல் வந்து விழுந்தது இது. 1958உம் 1980உம் விடுமுறை நாள் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தவை.

நியூஃபவுண்ட்லாந்தில் அன்று மதியம் வரை நினைவு தினம், கொடி அரைக்கம்பத்தில். சட்டையில் பொப்பி மலர் அல்ல, நீல நிற ஃபர்கெட்-மீ-நொட். கொண்டாட்டம் மதியத்துக்குப் பிறகு. இந்தக் கட்டத்துக்குச் சிவப்பு-வெள்ளை அலங்காரம் போடாமல் இருந்தால் நல்லது.

ஆவணக்கட்டு:
1923 திகதி சரி, ஆனால் முழுதாக எழுதுங்கள்: ஒப்புதல் ஜூன் 30, நடைமுறை ஜூலை 1. பலர் இதைத் தலைவரியோடு (கனடாவுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவரிடமும் வாங்கிய வரி) குழப்புவார்கள். தலைவரி 1885இல் 50 டொலர், 1900இல் 100, 1903இல் 500. 1923 சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டு வாசலையே மூடியது. தூதர், வணிகர், மாணவர், கனடாவில் பிறந்து திரும்பி வருபவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. ஏற்கெனவே இங்கிருந்த சீனர் ஒவ்வொருவரும் 12 மாதத்துக்குள் பதியவேண்டும், கனடாவில் பிறந்த குழந்தை உட்பட. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்த படம் ஒட்டிய சான்றிதழ்தான் சி.ஐ.45. அதன் படம் கிடைத்தால் 40 சொல்லே தேவைப்படாது. சீனச் சமூகம் ஜூலை 1ஐ "அவமான நாள்" என்று கடைகளை அடைத்து அனுசரித்தது. சட்டம் நீங்கியது 1947 மே 14. மன்னிப்பு கேட்டது 2006 ஜூன் 22, ஆனால் அது தலைவரிக்காக மட்டும் என்று சுருக்கிவிடாதீர்கள், தடைச் சட்டத்தையும் அந்த உரை குறிப்பிட்டது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று: 1960 ஜூலை 1. பூர்வகுடி மக்கள், பூர்வகுடியினர் என்று சட்டம் தரும் தகுதியை இழக்காமலே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் மார்ச் 31. அதற்கு முன் வாக்கு வேண்டுமென்றால் போரில் பணியாற்றியவர் போன்ற சில விலக்குகள் தவிர மற்றவர்கள் தகுதியை விட்டுக்கொடுக்கவேண்டும். கியூபெக்கில் மாகாணத் தேர்தலுக்கு 1969 வரை பொறுக்கவேண்டியிருந்தது, ஆகவே "கூட்டாட்சி" என்ற சொல்லை விடாதீர்கள்.

பலகைக்காரன்:
மிக்க நன்றி. 1958ஐயும் 1873ஐயும் விட்டால் ஆறு வருகிறது. 1873ஐ விடுவது சரியா? 1980இல் பிழை உண்டா?

ஏட்டுப்புழு:
1873ஐ 1867 கட்டத்தின் கடைசி வரியாக நுழைத்துவிடுங்கள். 1864இல் இணைப்புப் பேச்சு தொடங்கியதே அந்தத் தீவின் சார்லட்டவுனில்தான். அப்படியும் ஒன்பது வருடம் சேரமாட்டோம் என்று நின்றவர்கள், ரயில்பாதை போட்ட கடன் கழுத்தைப் பிடித்தபோது வந்தார்கள். கனடா கடனை ஏற்றது, வெளியூர் நிலச்சுவான்தார்களிடமிருந்து நிலத்தை வாங்க 800,000 டொலர் வரை தர ஒப்புக்கொண்டது, ஆண்டு முழுவதும் நீராவிக் கப்பல் ஓடும் என்றும் வாக்களித்தது. "ரயில் கடன்" என்ற இரண்டு சொல் போதும்.

1980க்கு: சட்டத்துக்கு ஒப்புதல் ஜூன் 27, பிரகடனம் ஜூலை 1. மெட்டு கலிக்சா லவாலே, பிரெஞ்சு வரிகள் அடோல்ஃப்-பசீல் ரூத்தியே, முதலில் பாடியது 1880 ஜூன் 24 கியூபெக் நகரில். ஆங்கிலப் பாடல் அதன் மொழிபெயர்ப்பு அல்ல, 1908இல் ரொபர்ட் ஸ்டான்லி வியர் தனியாக எழுதியது. கீதத்தின் வரிகளையும் அச்சிடுவதானால் 2018க்கு முந்தைய பிரதியை எடுத்துவிடாதீர்கள், அந்த ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு வரி மாறியது. பழைய சுவரொட்டிகளிலிருந்து நகலெடுப்பவர்கள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.