எல்லை திறக்கவும் கொரோனா ஊசி கிடைக்கவும் காத்திருக்கிறோம், மனசு விட்டுப்போகாமல் எப்படி இருக்கிறீர்கள்?

குமுளிக்காரி
2021 ஜூன் 12

இன்றும் நாளையும் கேரளாவில் முழு அடைப்பு. கடைத்தெரு வெறிச்சென்று கிடக்கிறது, மழை வேறு. அம்மா தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் இருக்கிறார், நான் கேரளப் பக்கம் குமுளியில். நடுவில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். மலை இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், அப்புறம் கம்பம். மற்ற நாளாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். மே 8 அன்று இந்தப் பக்கம் ஊரடங்கு, 10 அன்று அந்தப் பக்கம் ஊரடங்கு, அதிலிருந்து அம்மா முகத்தைப் போனில்தான் பார்க்கிறேன். அவசரம் என்று சொல்லி ஆன்லைனில் பயணத்துக்கு இ-பதிவு போடலாம் என்கிறார்கள். ஆனால் அம்மா நன்றாக நடமாடுகிறார், நிஜமாகவே ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது நான் பொய்க் காரணம் எழுத மனசு வரவில்லை.

அம்மா ஏப்ரல் தொடக்கத்தில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டார். அப்போது 6 முதல் 8 வாரத்தில் அடுத்தது என்றார்கள், மே 13 அன்று அதை 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டார்கள். ஊசி இல்லாததால்தான் தள்ளிப் போடுகிறார்கள், போட்டதும் வீணாகப் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதே நினைப்பு. எனக்கு 38 வயது, ஊசிக்குப் பதிவு செய்கிற கோவின் தளத்தில் இடம் காட்டிய அடுத்த நிமிடமே தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்காரர் தேக்கடியில் ஜீப் ஓட்டுகிறவர். சுற்றுலா வந்தால்தான் வருமானம். மகள் ஐந்தாம் வகுப்பு, தமிழ் வழி. ஜூன் 1 அன்று பள்ளிக்கூடம் திறந்தது, அதாவது போனில் திறந்தது.

எல்லாம் சரியாகிவிடும் என்று தயவுசெய்து எழுத வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள், ஒரு நாளை எப்படித் தள்ளுகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.


தேவாரத்து ஆள்

அக்கா, எனக்கு ஊர் தேனி மாவட்டத்துத் தேவாரம். விடியக்காலையில் ஜீப் ஏறி மெட்டு என்கிற மலைக் கணவாய் வழியாகக் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிற கூட்டத்தில் ஒருத்தன். இப்போது மேலே தோட்டத்திலேயே தங்கியிருக்கிறவர்களுக்குத்தான் வேலை. எங்களை மாதிரி தினமும் போய்வருகிறவர்கள் வீட்டில்தான் இருக்கிறோம். நிவாரணம் 4,000 ரூபாயில் முதல் 2,000 மே மாதம் ரேஷன் கடையில் வாங்கினோம், மிச்சத்துக்கும் 14 வகை மளிகைக்கும் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் கொஞ்ச நாள் ஓடும்.

நான் எதை வைத்து நம்புகிறேன் என்றால், இந்த மலைக்கு நாங்கள் வேண்டும், எங்களுக்கு இந்த மலை வேண்டும். ஏலக்காய் முதல் எடுப்பு ஆடி ஆவணியில் வந்துவிடும். பழுத்த காயை எடுக்காமல் விட்டால் சரத்திலேயே வெடித்து உதிர்ந்து போகும், அதை எடுக்கத் தெரிந்த கை எங்கள் ஊர்ப் பெண்களிடம்தான் இருக்கிறது. தோட்டக்காரர்கள் இப்போதே போன் போட்டு எத்தனை பேர் வருவீர்கள், யார் யார் ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார்கள். வழி திறக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது அது ரொம்ப நாள் மூடிக் கிடக்காது. காய்கறி வண்டியும் பால் வண்டியும் ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கின்றன, இந்தப் பக்கத்துக் காய் இல்லாமல் அந்தப் பக்கத்தில் அடுப்பு எரியுமா?

அதுவரைக்கும் கீழே வேலை பார்க்கிறேன். முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்குப் பாய வேண்டிய தண்ணீர், நாற்றங்கால் வேலை நடக்கிறது. கூலி தோட்டத்தை விடக் குறைவு, ஆனால் வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்ப்பதை விட எவ்வளவோ மேல்.

அப்புறம் ஒன்று, காட்டு வழியில் இறங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். 2020 மார்ச்சில் அப்படி ஊர் திரும்பியவர்கள் ராசிங்காபுரம் பக்கம் காட்டுத்தீயில் சிக்கி உயிரை விட்டார்கள், குழந்தையும் சேர்த்து. எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறக்கவில்லை. அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் காய்கறி வண்டிக்காரர்களிடம் கேளுங்கள், மருந்து மாத்திரை, ஊறுகாய்ப் பாட்டில் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள்.


லயத்து நர்ஸ்

குமுளி அக்காவுக்கு. நான் வண்டிப்பெரியாறு பக்கம் வேலை பார்க்கிறேன், தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். ஊசி போடுகிற இடத்தில் நிற்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அம்மா விஷயம். போட்ட ஊசி வீணாகாது. கோவிஷீல்டில் இடைவெளி கூடினால் பலன் கூடுகிறது என்று பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது: 6 வாரத்துக்குள் இரண்டாவது போட்டவர்களுக்கு 55 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ கழித்துப் போட்டவர்களுக்கு 81 சதவீதம் பாதுகாப்பு. இந்த நேரத்தில் ஊசி தட்டுப்பாடும் இருக்கிறது என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காத்திருப்பதால் அம்மாவுக்கு நஷ்டம் என்பது சரியில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் போட்டார் என்றால் 84 நாள் கணக்குப்படி இந்த மாதக் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ கோவின் இடம் கொடுக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எப்போது என்று தெரியாமல் இருப்பதுதான் வயதானவர்களை அதிகம் பயமுறுத்துகிறது, இதை நான் தினமும் பார்க்கிறேன். அதுவரை முகக்கவசம் கட்டாயம், முதல் ஊசி மட்டும் போதாது.

அடுத்தது உங்கள் ஊசி. ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கும் என்று 7-ஆம் தேதி பிரதமர் அறிவித்தார். அடுத்த நாள் வந்த விதிமுறையில், நேரில் வந்தும் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. முதல் வாரமே கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், ஊசி வருகிற அளவைப் பொறுத்தது. ஆனால் போனில் விரல் வேகம் உள்ளவருக்கு மட்டும் என்ற நிலைமை தளர்கிறது. உங்கள் வார்டு சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

நேரில் வருகிறவர்கள் எங்களிடம் கோபப்படுகிற இன்னொரு விஷயமும் உண்டு. குப்பியைத் திறக்காமல் ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரு குப்பியில் 5 மில்லி, ஆளுக்கு அரை மில்லி, பத்துப் பேருக்கு ஆகும். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லை என்றால் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் ஆள் சேரும் வரை பொறுக்கச் சொல்கிறோம். குறைந்துவிடக் கூடாது என்று குப்பியில் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பி அனுப்புவார்கள், கவனமாக எடுத்தால் அதில் பதினோராவது ஆளுக்கும் கிடைக்கும். மே மாதத் தொடக்கத்தில் கேரளாவுக்கு வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164 டோஸ். வந்ததை விட அதிகம்! சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல், சொட்டுக்கூடச் சிந்தாமல் எடுத்த நர்ஸ்களின் கை அது. நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டீர்கள், நான் இதை வைத்துத்தான் நம்புகிறேன். யாருக்கோ போகட்டும் என்று ஒரு சொட்டை மிச்சம் பிடிக்கிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

தொற்று எண்ணிக்கையும் இறங்குகிறது. மே 12 அன்று கேரளாவில் ஒரே நாளில் 43,529 பேர், தமிழ்நாட்டில் மே 21 அன்று 36,184 பேர். இப்போது இரண்டு பக்கமும் அதில் பாதிக்கும் கீழே. வார்டில் வேலை பார்க்கிற தோழிகள் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்கிறார்கள்.

மகளுக்கு, கேரள அரசின் கல்விச் சேனல் விக்டர்ஸில் வகுப்பு தமிழ் வழியிலும் இருக்கிறது, பள்ளியில் கேளுங்கள்.


சித்தூர்த் தம்பி

பாலக்காட்டுச் சித்தூரில் இருந்து. நர்ஸ் அக்கா சொன்னது எல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை இறங்குகிறது என்று படிக்கும்போது எனக்கு நிம்மதி மட்டும் வரவில்லை. அப்பா மே மாதம் போய்விட்டார், ஏறிக்கொண்டிருந்த நாட்களில். ஊசிக்குப் பெயர் கொடுத்திருந்தார், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. கடைசியாக முகம் பார்த்தது தூரத்தில் நின்றுதான். அதனால் இந்தத் திரியைப் படிக்கிற யாருக்காவது நம்பிக்கை வரவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை என்று சொல்லத் தோன்றியது. அழ வேண்டிய நாளில் அழுதுதான் ஆக வேண்டும். சடங்குக்குச் சொந்தக்காரர்கள் வர முடியவில்லை, பொள்ளாச்சியில் இருக்கிற அத்தை வாளையாறு எல்லை தாண்ட முடியாமல் போனிலேயே அழுதார்.

நான் செய்வது ஒன்றுதான். எங்கள் தெருவில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்குக் கோவினில் பதிவு செய்து கொடுக்கிறேன். ஒரு நம்பரில் நான்கு பேரைச் சேர்க்கலாம். என் நம்பர் நிரம்பிவிட்டது, தங்கச்சி நம்பரும் நிரம்பிவிட்டது, இப்போது நண்பர்கள் நம்பரைக் கேட்டு வாங்குகிறேன். சிலர் ஆதார் தமிழ்நாட்டு முகவரியில் இருக்கிறதே, இங்கே போடுவார்களா என்று தயங்குவார்கள். கோவின் நாடு முழுக்க ஒன்றுதான். முதல் ஊசி ஒரு மாநிலத்தில், இரண்டாவது இன்னொரு மாநிலத்தில் போட்டாலும் கணக்கு சேர்ந்துவிடும், அதே வகை ஊசியாக இருக்க வேண்டும், அதே போன் நம்பரில் பதிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தாத்தா ஊசி போட்டுவிட்டு வந்து, உங்கப்பன் இருந்தால் சேர்ந்தே போயிருப்போம்டா என்றார். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.


செங்கோட்டை வாத்தியார்

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. நீங்கள் செய்கிற காரியம் பெரியது, விடாமல் செய்யுங்கள்.

குமுளி அம்மாவுக்கு ஒரு பழைய சங்கதி. எங்கள் செங்கோட்டை பழைய திருவிதாங்கூரில் இருந்த ஊர், 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தத் திருவிதாங்கூரில் அம்மை குத்துகிற வழக்கத்தை 1813-இல் ராணி கௌரி லட்சுமி பாய் கொண்டுவந்தார். ஜனங்கள் பயந்தார்கள் என்று அரண்மனைக் குடும்பத்தில் முதலில் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறமும் எத்தனை தலைமுறை! என் சின்ன வயதில் அம்மைத் தழும்பு இல்லாத தெரு கிடையாது, வேப்பிலை கட்டாத வாசல் கிடையாது. கடைசியில் 1975-இல் இந்தியாவில் பெரியம்மை நின்றது, 1980-இல் உலகத்தில் எங்குமே இல்லை என்று அறிவித்தார்கள். இந்த நோய்க்கோ, திருச்சூரில் முதல் ஆள் கண்டுபிடிக்கப்பட்ட 2020 ஜனவரி 30-இல் இருந்து ஒரு வருஷம் முடிவதற்குள், 2021 ஜனவரி 16 அன்று ஊசி போட ஆரம்பித்துவிட்டோம். என் வயதுக்கு அந்த வேகம் நம்ப முடியாததாக இருக்கிறது, நன்றியாகவும் இருக்கிறது. நான் இரண்டு ஊசியும் போட்டாயிற்று, ஒரு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஆனாலும் எல்லையில் இருக்கிற புளியரை தாண்டிக் கேரளாவில் ஆரியங்காவு கோயிலுக்குப் போகிற ஆசையை அடக்கி வைத்திருக்கிறேன்.


குமுளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. சித்தூர்த் தம்பி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் வார்டிலும் போன் இல்லாத பாட்டிமார் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஜீப் சும்மாதான் நிற்கிறது, ஊசி போடுகிற நாளில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கிடைக்குமா என்று வார்டு மெம்பரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் வேலை என்று ஒன்று இருந்தால் நல்லது.

அம்மாவிடம் 84 நாள் கணக்கைச் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரம்மாவிடம் உடனே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். 81 சதவீதம், ஏட்டில் வந்திருக்கிறது என்று!

நர்ஸ் தங்கச்சி, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். என் நாத்தனாருக்குக் கைக்குழந்தை, பால் கொடுக்கிறாள். போன மாதம் அவளுக்குக் கொரோனா வந்து போய்விட்டது. அவள் 21-ஆம் தேதிக்கு மேல் போடலாமா?


லயத்து நர்ஸ்

பால் கொடுக்கிறவர்கள் போடலாம் அக்கா, மே 19 அன்றே அனுமதி கொடுத்துவிட்டார்கள், குழந்தைக்குப் பால் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. அதனால் அவர் ஆகஸ்டு வரை பொறுக்கட்டும். நெகட்டிவ் வந்த சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பாட்டிமாரை ஜீப்பில் கூட்டிவருவதாக இருந்தால் எல்லாரையும் ஒரே நேரத்துக்கு, பத்துப் பத்துப் பேராக வருகிற மாதிரி பேசி வையுங்கள், குப்பி திறக்க யாரும் காத்திருக்க வேண்டியிருக்காது.