பழைய ‘கல்கி’, ‘விகடன்’ அட்டைகளைச் சேர்ப்பது பற்றி

கேள்வி (பழுப்புத்தாள்):
‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எங்கள் பாட்டி வாரந்தோறும் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் வரைந்த உட்படங்கள் எல்லாம் அதில் இருக்க, ஓர் இதழின் அட்டைகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இப்போது முழு இதழ்களாக வாங்குகிறேன். சென்ற மாதம் கிடைத்த சில இதழ்களில் தாள்களைப் பிணைத்திருந்த கம்பிப் பின் துருவேறி, அட்டை பாதி கழன்றுவிட்டது. லாமினேஷன் செய்துவிடுமாறு விற்றவர் சொல்கிறார்; செய்யலாமா? எந்த ஓவியர்களை முதலில் தேடுவது?

பதில் (மூர்மார்க்கெட்வாசி):
லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு அட்டைக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செலோடேப்பும் சில ஆண்டுகளில் பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். துருப்பிடித்த பின்னை வெளியிலிருந்து இழுக்காமல், நடுப்பக்கத்தைத் திறந்து, மடிந்திருக்கும் இரு கால்களையும் மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்திய பிறகு மெல்ல வெளியே தள்ளி எடுத்து, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துக் கட்டிவிடுங்கள். உட்பக்கங்களின் மலிவுத்தாளில் உள்ள அமிலம் அட்டையின் உட்புறத்தையும் பழுப்பாக்கும் என்பதால், இடையில் அமிலமற்ற தாள் ஒன்றை வைப்பது நல்லது. ஈரம் தங்கினால், தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வந்துவிடும்.

பதில் (தீபாவளிமலர்):
என் விருப்பம் கோபுலு. ‘விகடன்’ ஓவியர் மாலியிடமிருந்து புனைபெயர் பெற்றவர்கள் அவரும் சில்பியும். ஆனால் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். சில்பி ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயிற்சிலைகளை நகை நுணுக்கம் வரை கோட்டில் கொண்டுவந்தார். கோபுலுவோ முதுகைக் காட்டி நிற்கும் ஒருவரின் தோள் சரிவிலேயே சிரிப்பை வரவழைத்துவிடுவார். தீபாவளி மலர் வாங்கும்போது மட்டும் வண்ணப்படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாமி படங்களை வெட்டிக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிய வீடுகள் ஏராளம்; எனக்குக் கிடைத்த ஒரு மலரில் விளம்பரங்கள்தாம் முழுமையாக மிஞ்சியிருந்தன. விலை பேசுவதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அதே இதழ் இருந்தால் பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டியதுதான் அதன் அடித்தளம்.

பழுப்புத்தாள்:
நன்றி. நேற்றிரவு ஓர் இதழின் பின்னை நீங்கள் சொன்னபடியே எடுத்தேன்; அட்டை கிழியவில்லை. ஆனால் வாடகை நூல் நிலையம் ஒன்றின் ஊதா முத்திரை ஓவியரின் கையெழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. ஏதேனும் தடவி அழிக்கலாமா?

மூர்மார்க்கெட்வாசி:
அழிக்க முயன்றால் முத்திரையோடு கையெழுத்தும் போய்விடும். அப்படியே விட்டுவிடுங்கள்.