200-வது கோஸ்ட் ஆர்ட்டிலரி கிளார்க் தளத்தைக் காப்பாற்ற முடியாமல் போனது ஏன்?

கேள்வி:
1941-ல் பிலிப்பைன்ஸில் நடந்த சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தைச் சேர்ந்த 200-வது கோஸ்ட் ஆர்ட்டிலரி (கடலோரப் பீரங்கிப்படை) ரெஜிமென்ட் அங்கிருந்த கிளார்க் விமானதளத்திலேயே நின்றும், டிசம்பர் 8 அன்று ஜப்பான் தாக்கியபோது பாதி குண்டுவீச்சு விமானங்கள் தரையிலேயே எரிந்துபோயின. இவர்களுக்குப் பயிற்சி போதவில்லையா? கடலே இல்லாத நியூ மெக்சிகோக்காரர்கள் எப்படிக் கடலோரப் பீரங்கிப்படையில் வந்தார்கள்?

பதில்:
அப்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகள் கோஸ்ட் ஆர்ட்டிலரியின் கீழ்தான் இருந்தன. ஏர் டிஃபென்ஸ் தனிப் பிரிவானதே 1968-ல்தான். இவர்கள் அதற்கு முன் 111-வது குதிரைப்படை, நேஷனல் கார்டு (மாநிலங்களின் பகுதிநேரப் படை) ஆட்கள். 1940-ல் குதிரையை விட்டுப் பீரங்கிக்கு மாற்றி, 1941 ஜனவரியில் முழுநேரப் பணிக்கு அழைத்து, டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸில் பயிற்சி கொடுத்துக் கப்பலேற்றினார்கள். சுமார் 1,800 பேர். ஸ்பானிஷ் பேசுபவர்கள் நிறைய, நவாஹோ, புவெப்லோ பழங்குடி மக்களும் உண்டு.

பதில்:
பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள் நண்பரே. ஜப்பானிய விமானங்கள் 20,000 அடிக்கு மேல் பறந்தன, இவர்களிடம் இருந்த 3 அங்குலப் பீரங்கிகளின் பழைய ஃபியூஸ் (குண்டை வானில் வெடிக்க வைக்கும் பாகம்) அந்த உயரத்துக்கு எட்டவில்லை, போதாததற்கு ஃபியூஸ்கள் துருப்பிடித்துக் கிடந்ததால் ஆறு குண்டில் ஒன்றுதான் வெடித்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஹவாயின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி வந்து பல மணி நேரம் கழித்தும் விமானங்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி வைத்தது யார்? மேலிடம். அந்தப் பழியைப் பீரங்கிக்காரன் தலையில் கட்டுவது அநியாயம்.

பதில்:
எல்லோரும் அந்த ஒரு நாளையே பேசுகிறோம், எனக்கு அதில் வருத்தம்தான். அன்று இரவே சுமார் 500 பேரைப் பிரித்து மணிலாவைக் காக்க அனுப்பினார்கள், அதுதான் பிறகு 515-வது ரெஜிமென்ட். அப்புறம் லூசான் தீவின் வடக்கு, தெற்குப் படைகள் பத்தான் தீபகற்பத்துக்குப் பின்வாங்கியபோது, வடக்குப் படைக்கு 200-வதும், தெற்குப் படைக்கு 515-வதும் விமானத் தாக்குதலிலிருந்து காவலாக நின்றன. வழியிலிருந்த கலும்பிட் பாலங்கள் கையைவிட்டுப் போயிருந்தால் தெற்குப் படை பத்தானுக்குள் வந்தே இருக்க முடியாது. கடைசி நாட்களில் பீரங்கிகளை அழித்துவிட்டுக் காலாட்படையாகச் சண்டை போட்டார்கள். 1942 ஏப்ரல் 9 சரணடைவு, பிறகு கைதிகளை நடக்கவைத்தே கொன்ற மரண அணிவகுப்பு, மூன்றரை வருடச் சிறை. ஊர் திரும்பியது ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 515-வதைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. மணிலாவில் அவர்களுக்குப் பீரங்கி எங்கிருந்து கிடைத்தது?

பதில்:
அங்கே கிடங்கில் பெட்டி பிரிக்காமல் இருந்தவற்றை எடுத்து இரவோடு இரவாகப் பொருத்தினார்கள். மறுநாள் காலை காவலுக்கு நின்றுவிட்டார்கள்.