ரீகாவில் அம்மா (குடும்பக் குழுவிலிருந்து)

நான்: அம்மாவை லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் பழைய நகரத்துக்குக் கூட்டிப் போனேன். படங்களைப் பாருங்கள். முதலாவது பிளாக்ஹெட்ஸ் மாளிகை. கல்யாணமாகாத வணிகர்களின் சங்கக் கட்டடம்.

மாமா: பிரமாதம்! எந்தக் காலத்துக் கட்டடம், கண்ணு?

நான்: முதலில் எழுந்தது 14ஆம் நூற்றாண்டில், மாமா. 1941இல் குண்டு விழுந்து எரிந்தது. மிச்சமிருந்ததை 1948இல் சோவியத் ஆட்சி தகர்த்தது. இப்போது நிற்பது 1999இல் கட்டி முடித்தது.

மாமா: அப்படியென்றால் என் ஸ்கூட்டர் அதற்கு அண்ணன்!

தம்பி: அதையும் யுனெஸ்கோவில் சேர்த்துவிடலாம் மாமா 😂

அம்மா: அண்ணா, புனித பேதுரு ஆலயக் கோபுரம் 123 மீட்டர். 72 மீட்டர் வரை லிஃப்ட் உண்டு, என் முட்டி பிழைத்தது. மேலே நின்றால் டௌகாவா ஆறு முழுக்கத் தெரிகிறது.

சித்தி: அக்கா, ஸ்வெட்டர் போட்டாயா இல்லையா?

மாமா: கோபுரமாவது பழசா?

நான்: 😬 அதுவும் 1941இல் எரிந்தது மாமா. பிறகு எஃகுச் சட்டம் வைத்து எழுப்பினார்கள்.

மாமா: சரிதான் போ.

அம்மா: எனக்குப் பிடித்தது சந்தைதான். ஐந்து பெரிய கூடங்கள். மீனுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று. ஒரு பாட்டி உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸைக் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பல் கூசுகிற புளிப்பு. இன்னொரு கை கேட்டு வாங்கினேன்.

நான்: மாமா, அது உங்களுக்கான இடம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் செப்பலின் வான்கப்பல்களை நிறுத்திவைத்த கொட்டகைகளின் பாகங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அந்தக் கூடங்களைக் கட்டினார்கள். 1930இல் சந்தை திறந்தது.

மாமா: இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! மாளிகையைவிட இதுதான் பார்க்க வேண்டியது. அது சரி, மூன்று நட்சத்திரம் பிடித்துக்கொண்டு உயரத்தில் நிற்கும் பெண் யார்?

நான்: சுதந்திரச் சின்னம். 42 மீட்டர். மக்கள் நன்கொடையில் 1935இல் வைத்தது. சோவியத் காலத்தில் அதனடியில் பூ வைப்பதே குற்றம். 1987 ஜூன் 14 அன்று ஒரு கூட்டம் துணிந்து போய்ப் பூ வைத்தது.

மாமா: மாளிகையைத் தகர்த்தவர்கள் இதை விட்டுவைத்தார்களே!

அம்மா: அங்கே ஒரு பெண்மணி வாடிய பூக்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நல்லதை மட்டும் நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு ரோஜா வாங்கி வைத்தேன்.

சித்தி: அக்கா, இங்கே மணி பன்னிரண்டரை. போன் டிங் டிங் என்கிறது.

அம்மா: இங்கே பத்துதான் ஆகிறது, இன்னும் வெளிச்சம் போகவில்லை. ஜூனில் இப்படித்தானாம். உனக்குப் புகையில் வாட்டிய மீன் வாங்கி வரட்டுமா?

சித்தி: ஐயோ, பெட்டி முழுக்க நாறும்!

நான்: டின்னில் அடைத்தது கிடைக்கும் சித்தி. ரீகா ஸ்ப்ராட், எண்ணெயில் போட்டது. இந்த ஊருக்கே பேர் போனது.

மாமா: டின் என்றால் எனக்கு நாலு.

சித்தி: எனக்கு ரெண்டு. இப்போது தூங்க விடுங்கள்.