கற்சிலைமடு வரலாற்று ஐயாவை நேரில் கண்டவர்கள்: அனுபவப் பகிர்வு

முத்தையன்கட்டான் எழுதியது:
ஐயாவை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்பதால் நேரே விடயத்துக்கு வருகிறேன். பாடசாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் வன்னி மன்னன் பண்டார வன்னியனுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நடந்த 1803ஆம் ஆண்டுப் போரின் தடங்களைத் தேடுவதிலேயே காலத்தைக் கழித்த அவர், ஓர் ஐப்பசி மாதத்தில், மழை பிடித்த மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு பழைய வண்டிப் பாதை ஒன்றில் நடந்தார். ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்த நாள் ஒக்டோபர் 31 என்று கற்சிலைமடு நினைவுக்கல் சொல்வதால், இரு தரப்பும் எத்தகைய நிலத்தில் நின்று போரிட்டன என்பதை அதே பருவத்தில் நடந்துதான் அறிய வேண்டும் என்பது அவருடைய வாதம். கணுக்காலைச் சேறு பிடித்து இழுக்க, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, "தம்பி, மருந்து நனைஞ்சால் துவக்கும் உலக்கையும் ஒண்டுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் பார்க்கப் புறப்பட்ட பாழடைந்த குளத்தின் கட்டு கூப்பிடு தூரத்தில் தெரிந்தபோது, வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, மருந்து கொடுக்கும் நேரம் என்று திரும்பிவிட்டார். பின்னர் நாங்கள் அங்கே போகவே இல்லை. இன்னும் ஒரு கால்மணி நேரம் நின்றிருந்தால் அவர் எதைக் கண்டிருப்பார் என்பது இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முள்ளியவளை வாசகி எழுதியது:
பல்கலைக்கழக ஆய்வுக்காக, ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டை 1803 ஓகஸ்ட் 25இல் பண்டார வன்னியனிடம் ஏன் விழுந்தது என்று கேட்கப் போயிருந்தேன். ஒரு மைலுக்கு ஒரு அங்குல அளவிலான நில அளவைப் படத்தைத் தரையில் விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் பால்மாப் பேணிகளை வைத்துவிட்டு, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கண்டியில் ஆங்கிலேயப் படை அழிந்த செய்தியிலிருந்து தொடங்கினார். அந்தத் தோல்விக்குப் பின்னர் கரையோரக் கோட்டைகள் ஒவ்வொன்றும் தனித்துப்போன நிலையைப் புரிந்துகொள்ளாமல், பண்டார வன்னியனின் வீரத்தை மட்டும் பாடுவது அந்த மனிதனின் கணிப்பைக் குறைத்து மதிப்பதாகும் என்றார்.

பேச்சின் நடுவில், ஒல்லாந்தர் வன்னியை அடக்கியது 1784 என்று அவர் வாய்தவறிச் சொன்னதும், உள்ளறையிலிருந்து "எண்பத்திரண்டு" என்று ஒரு குரல் வந்தது. பாரிசவாதத்தால் படுக்கையிலிருந்த அம்மாதான் அது. ஐயா எழுந்து உள்ளே போய், முதுகில் புண் வராமல் அம்மாவை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மா பூசிக்கொண்டே நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதை முழுமையாக விளக்கினார். பிறகு வந்து, விட்ட வசனத்தின் அடுத்த சொல்லிலிருந்து தொடர்ந்தார். அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே மூடிவைப்பார் என்று பின்னர்தான் அறிந்தேன். அம்மாவிடமும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

வாசிகசாலை எழுதியது:
முத்தையன்கட்டான் எழுதியதை வாசிக்கும்போது, குடும்பம் ஐயாவின் ஆய்வுக்குத் தடையாக இருந்தது போன்ற தொனி தெரிகிறது. இதை நான் ஏற்கவில்லை. மேலே வாசகி எழுதியிருப்பதே அதற்குப் போதிய பதில். மேலும், ஆய்வை ஆவணக்காப்பகத்தில் மட்டும் செய்ய முடியும் என்று நினைப்பவர்கள், மீள்குடியேற்றத்தின் பின்னர் எங்கள் வாசிகசாலைத் திண்ணையில் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்திருக்க வேண்டும். இடப்பெயர்வில் காணி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்குக் காணிக் கச்சேரிக்கான விண்ணப்பங்களை அவர் எழுதிக் கொடுத்தார். போர் பற்றிய ஆய்வுக்காகச் சேர்த்த பழைய வரைபடங்களில் இருந்த குளங்களும் வண்டிப் பாதைகளும் எல்லை சொல்ல உதவின. என் தகப்பனாரின் விண்ணப்பத்துக்கு நான் நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டு, உன் அப்பு மாங்குளத்துக்கு நெல் ஏற்றியது எந்த வழியால் என்று கேட்டு, நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். என் தகப்பனார் அருகில் இருந்தபோதே நான் அதைச் சரியாகக் கேட்டு வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செட்டிகுளத்தார் எழுதியது:
நான் ஐயாவைக் கண்டது 2009இல், செட்டிகுளம் முகாமில். கடைசி இடப்பெயர்வில் கொப்பிக் கட்டைப் பதுங்குகுழியிலேயே விட்டுவிட்டு மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், பிஸ்கட் பெட்டி மட்டையின் பின்புறத்தில் முல்லைத்தீவுக் கோட்டையின் படத்தை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இப்போது அவர் காலமாகிவிட்ட நிலையில், பின்னாளில் எழுதிய கொப்பிகள் யாரிடம் இருந்தாலும் அவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். வன்னியின் கறையானுக்கு மாரியும் கோடையும் ஒன்றுதான் என்பதால், அவற்றைச் சுவரோடு ஒட்டிய மர அலுமாரியில் வைக்கக் கூடாது. கிழிந்த தாளில் செலோரேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கெடுத்துவிடும். லமினேற் செய்வது அதைவிட மோசமானது. வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில், தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி கைத்தொலைபேசியால் படம் எடுத்து, தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனத்தினருடன் தொடர்புகொண்டால் எண்ணிம வடிவில் பாதுகாக்க வழி பிறக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, நினைவிலிருந்து திரும்ப எழுதியவற்றையும், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேடு போன்ற நூல்களைப் பார்த்து எழுதியவற்றையும், ஊரவர் வாய்மொழியையும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் மூன்றும் ஒன்றாகக் கலந்து, ஐயாவின் பெயரிலேயே பிழையான வரலாறு பரவும்.

முத்தையன்கட்டான் எழுதியது:
வாசிகசாலைக்கு: தடை என்று நான் எங்கும் எழுதவில்லை, அவர் திரும்பிப் போனதைத்தான் எழுதினேன். அவர் போகாமல் இருந்திருந்தால் அது எனக்கு வேறு விதமாக உறுத்தியிருக்கும். செட்டிகுளத்தாருக்கு: இந்த ஆலோசனையைக் கேட்டவர் யார் என்று தெரியவில்லை. கொப்பிகள் ஐயாவின் மகளிடம் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ஒல்லாந்தர் காலம் வரையான பகுதியை அவர் தட்டச்சு செய்து முடித்துவிட்டார். எது நினைவு, எது நூல் என்பதை ஐயாவே ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருக்கிறாராம். செலோரேப் விடயத்தை மட்டும் இன்றே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை மகள் ஒட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்தேன்.