மூலிகைப் பாத்தியும் சிறு குளமும்: எதை எங்கே அமைப்பது?

கேள்வி: புதுத்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள வெற்றிடத்தில் ஒரு மூலிகைத் தோட்டமும், உட்கார்ந்தால் நீரோசை கேட்கும்படியான சிறு குளமும் அமைக்க விரும்புகிறேன். தரை, வீட்டுச் சுவரிலிருந்து பின்மதிலை நோக்கி மெல்லச் சரிகிறது. மதிலோரம் ஒரு மூலையில் பெரிய மரம் நிற்கிறது. அந்த மூலைதான் இருப்பதிலேயே பள்ளமானது என்பதாலும், நிழலில் நீர் சூடாகாது என்பதாலும் குளத்தை அங்கே வெட்டி, அதைச் சுற்றி வட்டமாகத் துளசி, புதினா, கொத்தமல்லி, எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி, தைம், வல்லாரை ஆகியவற்றை நடலாம் என்று காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். இதில் பிழை இருந்தால் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கொசு பெருகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. மகளுக்கு மூன்று வயது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: வரப்போரம்

குளத்தை அந்த மூலையில் மட்டும் வெட்டிவிடாதீர்கள். பள்ளமான இடத்துக்குத் தண்ணீர் தானாக வந்து சேரும் என்பது உண்மைதான். ஆனால் மழை பெய்யும்போது அந்தத் தண்ணீர், மேலே உள்ள பாத்திகளில் நீங்கள் இட்ட எருவையும் கரைந்த மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும். எருவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் குளத்தில் இறங்கினால் பாசிக்கு விருந்து வைத்தது போலாகி, சில வாரங்களில் நீர் பச்சைக் குழம்பாக மாறிவிடும். நிலத்தடி நீர் உயரும் பருவத்தில், நீர் கசியாமலிருக்கக் குளத்துக்குள் விரிக்கும் ரப்பர் விரிப்பு அடியிலிருந்து வரும் அழுத்தத்தால் உப்பி எழுவதும் உண்டு. மரத்தடி என்பது இன்னொரு தொல்லை. குழி வெட்டும்போது மரத்தின் வேர்கள் அறுபடும். உதிரும் இலைகள் நீரின் அடியில் தங்கி மட்கும்போது, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். அல்லி வைக்கும் எண்ணம் இருந்தால், அது பூப்பதற்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேர வெயிலாவது வேண்டும்.

வரைபடத்தை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். காலை 9 மணிக்கும், நண்பகலிலும், மாலை 4 மணிக்கும் நிழலின் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, தரையில் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். அத்துடன் பாத்தி அமைக்க நினைக்கும் இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மணிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டராவது இறங்கினால் பெரும்பாலான மூலிகைகளுக்கு அந்த மண் ஒத்துவரும். அப்படியே நின்றால் பாத்தியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும்.

இனி மூலிகைகளுக்கு வருகிறேன். அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் நடுவதைவிட, ஒவ்வொன்றின் தாகத்தையும் பார்த்துப் பிரித்து நடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ரோஸ்மேரியும் தைமும் மத்தியதரைக் கடலோரத்துக் கல்லும் சரளையுமான வறண்ட சரிவுகளில் வளர்ந்து பழகியவை. புதினாவுக்கோ மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து ஒரே குழாயால் நீர் ஊற்றினால் ஒன்று நிச்சயம் சாகும். என் ரோஸ்மேரிச் செடி ஒன்றில் முதலில் அடி இலைகள் மஞ்சளாகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பத்து நாளில் செடி துவண்டது. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் பழுப்பேறியிருந்தன. விரலால் இழுத்ததும் வேரின் தோல் உறை போலக் கழன்று வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. வேர் அழுகலின் அடையாளம் அதுதான்.

இயற்கையின் போக்கைப் பின்பற்றித் தோட்டமும் பண்ணையும் அமைக்கும் முறைக்குப் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லை 1970-களில் டேவிட் ஹோம்கிரனுடன் சேர்ந்து உருவாக்கிய பில் மாலிசன், இதே சிக்கலுக்குச் சுருள் பாத்தி என்ற தீர்வைப் பரவலாக்கினார். நத்தை ஓடு போலச் சுழன்று உயரும் மேட்டின் உச்சியில் வறட்சி தாங்கும் செடிகளும், அடியில் ஈரம் விரும்பும் செடிகளும், காலடியில் ஒரு சிறு குட்டையும் இருக்கும். சமதளத்தில் இருப்பவர்கள் கல் அடுக்கி அந்த மேட்டை உருவாக்குகிறார்கள். உங்கள் தரைக்கோ இயல்பிலேயே வாட்டம் இருக்கிறது; அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரையொட்டிய மேட்டில் மணலும் சரளையும் கலந்து ரோஸ்மேரி, தைம். அதற்கு அடுத்து, எரு கலந்த மண்ணில் துளசி, கொத்தமல்லி, எலுமிச்சைப்புல். எலுமிச்சைப்புல் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குத்தாக வளர்ந்து பக்கத்துச் செடியை மறைக்கும் என்பதால் அதை ஓரத்தில் வையுங்கள். குளம், மரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிவின் நடுவில் வரட்டும். குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் குழாயைக் கீழ்ப்புறமாக ஒரு சதுப்புப் பாத்திக்குக் கொண்டுபோய் விட்டால், அங்கே வல்லாரையும் நீர்ப்பிரமியும் வசம்பும் செழித்து வளரும். மேலே இருக்கும் பாத்திகளின் நீர் குளத்துக்குள் புகாதபடி கரையை ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்த்திவிடுங்கள்.

புதினாவை மட்டும் அடிப்பாகம் வெட்டிய வாளியில் நட்டு, வாளியின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியும்படி புதையுங்கள். இல்லையென்றால் அதன் ஓடுதண்டுகள் ஒரே பருவத்தில் பக்கத்துப் பாத்தியையும் பிடித்துவிடும். இருபுறமும் நின்று பறிக்கக்கூடிய பாத்திக்கு 1.2 மீட்டர் அகலமும், சுவரோரப் பாத்திக்கு 60 சென்டிமீட்டரும் போதும். அதற்கு மேல் போனால் பறிப்பதற்காக மண்ணை மிதிக்க நேரும்.

மறுமொழி: அல்லித்தண்டு

வரப்போரம் ஐயா சொன்ன இடத்தை நானும் ஆதரிக்கிறேன். குளத்தின் அளவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் வெயில் நாளில் நீர் சட்டென்று கொதித்துப்போகாது. ஒரு பக்கம் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படி விட்டால் கரையோரச் செடிகளைத் தொட்டியோடு வைக்கலாம். விரிப்பு வாங்கும்போது நீளத்துடன் ஆழத்தின் இரு மடங்கையும், இரு கரைகளிலும் மடித்துப் புதைக்க 30 சென்டிமீட்டர் வீதமும் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கில் 3.8 மீட்டருக்கு 3.3 மீட்டர் விரிப்பு தேவைப்படும். படியும் சாய்வான பக்கங்களும் போக ஏறத்தாழ 1,200 லிட்டர் நீர் பிடிக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை முழு நீரும் சுழல வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 600 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. நீங்கள் ஏற்றப்போகும் உயரத்தில் எவ்வளவு தள்ளும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நீர் பீய்ச்சும் உயரம் குளத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் போனால், காற்றடிக்கும் நாளில் பாதி நீர் கரைக்கு வெளியே போய்விடும்.

கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர, வெப்பமான நாட்களில் 7 முதல் 10 நாள் போதும். அது முட்டையிடத் தேடுவது அசையாத நீரை. பம்ப் ஓடும் குளத்தின் நடுவில் நான் கொசுப்புழுவைக் கண்டதில்லை. செடித்தொட்டிகளின் இடுக்கிலும், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலும்தான் கண்டிருக்கிறேன். சிறு மீன்கள் புழுவைத் தின்றுவிடும். ஆனால் கம்பூசியா மீனை விடாதீர்கள். கொசுவை ஒழிப்பதற்காக உலகெங்கும் பரப்பப்பட்ட அது, போன பல இடங்களில் உள்ளூர் மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அழித்தது. மீன் வேண்டாம் என்றால், 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் கண்டறியப்பட்ட பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவிலிருந்து செய்யும் மருந்து, மற்ற உயிர்களுக்கு ஏறக்குறைய எந்தத் தீங்கும் இல்லாமல் கொசுப்புழுவைக் கொல்லும்.

நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேலாக இலை மூடியிருந்தால் பாசி அடங்கும். அதற்காக ஆகாயத்தாமரையை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். ஒரு துண்டு கால்வாயில் விழுந்தாலும் ஊருக்கே தொல்லையாகிவிடும்.

மறுமொழி: ஈரமண்

மேலே இருவரும் சொன்னவை சரியானவை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள திறந்த குளம் இப்போது வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். சிறு குழந்தை குப்புற விழுந்தால் சில சென்டிமீட்டர் நீரே உயிருக்கு ஆபத்து. சத்தமும் கேட்காது. உங்களுக்கு வேண்டியது நீரோசை என்றால், கூழாங்கல் ஊற்று அமையுங்கள். நீர்த்தொட்டியைத் தரைக்குள் புதைத்து, அதன் மேல் ஆள் ஏறி நின்றாலும் வளையாத இரும்பு வலையைப் பொருத்தி, அதன் மேல் கூழாங்கற்களைப் பரப்பினால், நடுவிலுள்ள துளைக்கல்லிலிருந்து எழும் நீர் கற்களுக்கிடையே வழிந்து தொட்டிக்கே திரும்பிவிடும். திறந்த நீர் எங்குமே இருக்காது. மகள் வளர்ந்த பிறகு அதையே குளமாக விரித்துக்கொள்ளலாம்.

எந்த வகையாக இருந்தாலும் 12 வோல்ட் பம்ப்பையே தேர்ந்தெடுங்கள். அதற்கான மின்மாற்றியை நீர் படாத இடத்தில் வைத்து, 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுங்கள். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும்.

கேள்வி கேட்டவர்: புதுத்தோட்டம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூலையைக் கைவிட்டேன், கூழாங்கல் ஊற்றையே அமைக்கப்போகிறேன். தொட்டியை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அரை மீட்டர் ஆழத்தில் சிமென்ட்டில் கட்டித் தருவதாகக் கொத்தனார் சொல்கிறார். அதில் தேங்கும் நீரையும் அதன் மிகைநீரையும் வல்லாரைக்கு விடலாமா? அந்த இலையைப் பச்சையாகவே உண்பதால் கேட்கிறேன்.

மறுமொழி: வரப்போரம்

சிமென்ட் தொட்டி நல்லதுதான். அவசரப்பட்டு மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்திவிடும். என் முதல் தொட்டியில் மூன்றாம் நாளே மீன்களை விட்டேன். மறுநாள் காலையில் ஒன்றும் உயிரோடு இல்லை. நீரை நிரப்பி ஒரு வாரம் விட்டு வடித்து, மறுபடி நிரப்பி வடித்து, காரத்தன்மையை அளக்கும் பி.எச். காகிதத்தில் 8.5-க்குக் கீழே வரும்வரை இப்படியே செய்யுங்கள். அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

மிகைநீரைச் சதுப்புப் பாத்தியின் மண்ணுக்குள் விடலாம். இலைமேல் தெளிக்கக் கூடாது. கற்களின் மேல் பறவைகள் வந்து நீர் குடிக்கும், எச்சமிடும். ஆகவே சமைக்காமல் உண்ணும் வல்லாரையைத் தனித்தொட்டியில் நல்ல நீர் ஊற்றி வளர்ப்பதையே நான் விரும்புவேன். பாத்தியில் நீர்ப்பிரமியும் வசம்பும் இருக்கட்டும். ஊற்றுக்கு மேலே உள்ள பாத்திகளில் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லிகளைத் தெளிக்காதீர்கள். பின்னாளில் குளமாக்கி மீன் விட்டால் அவற்றுக்கு அது நஞ்சு.

கொத்தனார் வரும் நாளில் தொட்டியின் மேல்விளிம்பில் நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வழிகால் குழாய் உள்ள பக்கத்தைத் தவிர வேறெங்காவது ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தாலும், மழை நாளில் தண்ணீர் அந்தப் பக்கமே வழிந்து, பக்கத்துப் பாத்தியை அரித்துக்கொண்டு போகும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே சரிசெய்துவிடச் சொல்லுங்கள்.