கரண்ட் போனால் அப்பாவின் ஆக்ஸிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும்? மலையில் வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி மகள்:
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஒரு வருடமாக வீட்டிலேயே கான்சன்ட்ரேட்டரில், அதாவது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற கரண்ட் மெஷினில், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன் போகிறது, ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்றில் சீகை மரம் ஒயர் மேல் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. மெஷின் கத்த ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன். சிலிண்டர் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதைத் திறக்கிற சாவியைக் காணோம். செல்போன் வெளிச்சத்தில் அலமாரி, சமையல்கட்டு, சாமி மாடம் எல்லாம் தேடி, கடைசியில் தம்பியின் பைக் டூல்ஸ் பெட்டியில் கிடைத்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், உதடும் விரல் நுனியும் நீலம் பாரித்திருந்தது.

அன்றைக்கு நாலு மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் 2009 நவம்பர் மாதிரி ஒரு மழை வந்தால்? அப்போது மண்சரிவில் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள், ரோடெல்லாம் அறுந்து கிடந்தது. ஐப்பசி பிறந்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. இன்வெர்ட்டர் போதுமா, இன்னொரு சிலிண்டர் வாங்கலாமா, அல்லது அப்பாவைக் கீழே கூட்டிப்போய்விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் நர்ஸ்:
பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன் தங்கச்சி. முதலில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடு. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று புதிதாக இருந்தாலே நாலு மணி நேரம்தான் தாங்கும், பழசு என்றால் இரண்டுகூட வராது. இன்வெர்ட்டர் வாங்கினால் லைன் கரண்ட் மாதிரியே சீராகத் தருகிற சைன் வேவ் வகை வாங்கு, மற்றது மெஷினில் இருக்கிற கம்ப்ரஸருக்கு ஆகாது. உன்னிடம் இருப்பது பி டைப் சிலிண்டர் என்றால் நிறைய அடைத்தது சுமார் 1500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். ஜம்போ என்றால் 7000 லிட்டர், இரண்டு நாளுக்கு மேல் வரும். அப்பாவுக்கு எந்த நேரத்தில் ஆக்ஸிஜன் கட்டாயம், எந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் சமாளிக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள். அதை நீயாக முடிவு செய்யாதே.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேள். மூச்சு இழுக்கிறது என்று பயந்து ஃப்ளோவை 4, 5 என்று ஏற்றிவிடாதே. சி.ஓ.பி.டி. உள்ள பலருக்கு, விரலில் மாட்டிப் பார்க்கிற ரத்த ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்றுதான் வைப்பார்கள். ஆக்ஸிஜன் அதிகமானால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆள் மயங்கிப் போவார், பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரியே இருக்கும். ஒரு வீட்டில் அப்படி ஒரு தாத்தாவைத் தட்டி எழுப்பி, எழாமல், தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

அப்புறம் குளிர். கரண்ட் போனதும் நம் ஊரில் எல்லோரும் அடுப்புக்கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆக்ஸிஜன் ஓடுகிற ரூமில் நெருப்பே கூடாது, மெழுகுவத்தி, சாமி விளக்கு உட்பட. மூடிய ரூமில் கரிப் புகை ஆக்ஸிஜன் வைக்காதவரையே கொன்றுவிடும். ஜெனரேட்டர் வைத்தாலும் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வை. சிலிண்டர் வாயில் எண்ணெய்க் கை படவே கூடாது.

பண்ணைக்காடு:
கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை, மூக்கில் டியூப் வழியாகத்தான் சாப்பாடு, சர்க்கரைக்கு இன்சுலின். முதலில் ரோடு போனது, மரம் மேல் மரம். அப்புறம் கரண்ட். டவர் மறுநாள் போனது. எங்களுக்கு ஆறு நாள் கரண்ட் இல்லை. காற்று மெத்தை சப்பிப் போய்விட்டது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க நானும் மனைவியும் முறை வைத்து விழித்திருந்தோம். மிக்சி ஓடாததால் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டித்தான் டியூபில் ஊற்றினோம். ஒரு பருக்கை அடைத்தாலும் டியூப் மாற்ற ஆள் வர முடியாது அல்லவா. இன்சுலினுக்கு மட்டும் கவலை இல்லை, திறந்த பாட்டில் சுமார் நாலு வாரம் ஃப்ரிட்ஜ் இல்லாமல் இருக்கும், நம் ஊர்க் குளிருக்குத் தாராளம். உறைந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இதையெல்லாம் சொல்வது சாமர்த்தியத்தைக் காட்ட இல்லை. புயல் வருகிறது என்று முன்னாடியே தெரியும். வத்தலக்குண்டில் அக்கா வீடு இருக்கிறது, முந்தின நாள் மத்தியானம் ரோடு நன்றாகத்தான் இருந்தது. 'மலைக்கு என்ன புயல் வரப்போகிறது' என்று நான்தான் இருந்துவிட்டேன். ஏழாவது நாள் அம்மாவின் இடுப்பில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். அது ஆற நாலு மாதம் ஆனது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், வானிலை ஆபீஸ் ஆரஞ்சு அலர்ட் என்று சொன்னதும் இறங்குங்கள். ரெட் வரும்வரை பார்க்க வேண்டாம், அதற்குள் ரோடு அடைத்துவிடும். மழை பெய்யாமல் போனால் போகட்டும், பெட்ரோல் காசுதானே.

கூடலூர் ஆள்:
எங்கள் வீட்டில் கதை வேறு. மனைவிக்கு வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ், ஒரு நாளைக்கு நாலு பை டயாலிசிஸ் திரவம், ஒவ்வொன்றும் 2 லிட்டர். இதற்கு மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், அது ஒரு பெரிய நிம்மதி. ஆனால் பை தீர்ந்தால் தீர்ந்ததுதான், கோயம்புத்தூரிலிருந்து வண்டி ஏற வேண்டும். இரண்டு வாரச் சரக்கு என்றால் 56 பை, நூற்றுப் பன்னிரண்டு கிலோ, எங்கள் படுக்கை அறையில் பாதி அதுதான். ஜூன் முதல் டிசம்பர் வரை அதற்குக் கீழே இறங்க விடமாட்டேன். பையைச் சூடாக்க வெந்நீரில் முக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், கரண்ட் இல்லாத நாளில் வெந்நீர்ப் பையோடு சேர்த்துக் கம்பளியில் சுற்றி வைப்பேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தப் பைகள் உண்டு, உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் பேர் பதியுங்கள். அப்படிப் பதிந்திருந்தால்தான் மழையில் 'இந்த வீட்டில் ஒரு நோயாளி' என்று யாருக்காவது ஞாபகம் வரும். மாவட்டத்தில் 283 இடங்களை அபாயப் பகுதி என்று குறித்திருக்கிறார்கள், உங்கள் ஹட்டி அதில் வருகிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். 1077 கலெக்டர் ஆபீஸ் கன்ட்ரோல் ரூம், கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987. டவர் இருக்கும்போதே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள்.

கோத்தகிரி மகள்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஓடியதில் செய்தது இது. எங்களுக்கு வழக்கமாகச் சிலிண்டர் தருகிறவர் மழைக்காலத்தில் ஹட்டிக்கு வண்டி அனுப்ப மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். எனவே ஜம்போ ஒன்று இப்போதே வாங்கிச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியாயிற்று. டாக்டரிடம் எழுதி வாங்கினேன், தூங்கும்போதும் நடக்கும்போதும் கட்டாயம், பகலில் உட்கார்ந்திருந்தால் 88க்குக் கீழே போகாதவரை எடுத்து வைக்கலாம் என்றார். அப்படியென்றால் சிலிண்டர் இரண்டையும் சேர்த்து நாலு நாள் வரும். மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் கீழ் ரூமை ஒழித்து வைத்திருக்கிறார்கள். கோத்தகிரி ரோடு அடைத்தால் குன்னூர் வழி, அதுவும் அடைத்தால் மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடை என்று தம்பி சொல்கிறான். அந்த மூன்றாவது வழியில் அப்பாவோடு போக எனக்கு மனசில்லை, அதனால் ஆரஞ்சு சொன்ன அன்றே கிளம்புவது என்று முடிவு செய்தோம்.

அப்பாதான் வரமாட்டேன் என்கிறார். மாட்டை யார் பார்ப்பது என்று கேட்கிறார்.

குன்னூர் நர்ஸ்:
மாட்டுக்கு ஆள் பேசிவிட்டு அப்புறம் அப்பாவிடம் பேசு, வருவார். சிலிண்டர் சாவியைக் கயிற்றில் கோத்து சிலிண்டர் கழுத்திலேயே கட்டு. இன்றைக்கு ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு நீயும் தம்பியும் ஆளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று எனக்குச் சொல்.

கோத்தகிரி மகள்:
எனக்கு ஒன்றரை நிமிடம். தம்பிக்கு மூன்று, ஃப்ளோமீட்டரை மாட்டத் தெரியவில்லை. நாளைக்கு மறுபடியும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.